மூன்று போர்டு, ஒரு டாங்கிள்

ஆடி மாதம் எங்கள் பக்கம் கோயில் கொடைக் காலம். கோவில்பட்டியில் டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு அப்போது சாப்பிடக்கூட நேரம் இருக்காது. கொடை நோட்டீஸ், வரி ரசீது புக், அன்னதான பேனர் என்று ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். அந்த வாரம் பார்த்துத்தான் அவருடைய கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. பட்டனை அமுக்கினால் ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். மறுபடி ஒரு சுற்று, மறுபடி நிற்கும். சர்வீஸ் தம்பி, மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றிப் பார்த்தான். ரேமைக் கழற்றி, அழிரப்பரால் தேய்த்து, ஊதி, மாட்டிப் பார்த்தான். கடைசியில் உதட்டைப் பிதுக்கினான்.

"போர்டு போயிட்டு அண்ணாச்சி."

"சரி, வேற ஒண்ணு வாங்கி மாட்டு" என்றார் அண்ணாச்சி, ட்யூப்லைட்டுக்குச் சோக் மாற்றச் சொல்கிறவர் மாதிரி.

மதர்போர்டுக்குத் தமிழில் தாய்ப்பலகை என்று அழகான பெயர் உண்டு. ஆனால் கடையில் போய்த் தாய்ப்பலகை கேட்டால் மரக்கடைக்கு வழி காட்டுவார்கள். ஆகவே இங்கே போர்டு என்றே வைத்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் கொஞ்சம் கைவைக்கிறவன் என்பதால் அண்ணாச்சி கம்ப்யூட்டர் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடையில் அவருக்குக் காட்ட மூன்றே மூன்று போர்டுதான் இருந்தது.

முதலாவது, கேள்விப்படாத பெயரில், பளபளக்கும் பெட்டியில் வந்த புத்தம்புதிய எச்-61. இரண்டாவதும் எச்-61தான், ஆனால் பெயர்பெற்ற நிறுவனம் செய்தது, ஏதோ பள்ளிக்கூட லேபிலிருந்து கழற்றி வந்தது, பெட்டி கிடையாது. மூன்றாவது பிந்தைய தலைமுறையைச் சேர்ந்த எச்-610. பெயரில் ஒரு சைபர்தான் கூடுதல். அந்த ஒரு சைபருக்குள் 11 வருடம் இருக்கிறது: 61 வந்தது 2011-ல், 610 வந்தது 2022-ல். இவை போர்டின் பெயர்கள்கூட அல்ல. போர்டில் உட்கார்ந்திருக்கும் துணைச்சில்லின் பெயர்கள். சிப்செட் என்பது அதைத்தான். ஹார்டு டிஸ்க், யூஎஸ்பி, ஆடியோ, நெட்வொர்க் எல்லாம் பிராசஸரிடம் மனு கொடுக்க வேண்டுமானால் இந்த மேலாளர் வழியாகத்தான் போக வேண்டும்.

சென்னைக்குச் சொல்லிவிட்டால் ரிச்சி தெருவில் நாலு தினுசு கிடைக்காதா என்று கேட்டேன். "கிடைக்கும் சார். ஆனா இதே மூணு தினுசுதான் கிடைக்கும்" என்றான் கடைத் தம்பி.

அவன் சொன்னதில் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் இருப்பதிலேயே சிக்கலான பொருள் பிராசஸர். அண்ணாச்சி 2012-ல் ஆசைப்பட்டு வாங்கிய ஐ7-3770, உலோக மூடியைக் கழற்றிப் பார்த்தால், கட்டைவிரல் நகத்தளவு சிலிக்கன் துண்டு. அதில் 140 கோடி டிரான்சிஸ்டர்கள். இந்தியாவில் ஏறத்தாழ ஆளுக்கொன்று கொடுக்கலாம். இவ்வளவு சிக்கலானது முதலில் கெட்டுப்போக வேண்டும் என்றுதான் தோன்றும். கெடுவதில்லை. அது ஒரே துண்டு; உள்ளே அசைவது எதுவும் இல்லை, உலர்ந்துபோவது எதுவும் இல்லை. போர்டுதான் பாவம். நூற்றுக்கணக்கான உதிரிகள், ஆயிரக்கணக்கான ஈயப்பற்றுகள். தூசி, ஈரக்காற்று, கரண்டின் ஏற்ற இறக்கம், கேபினெட்டுக்குள் குடித்தனம் நடத்தும் பல்லி என்று எல்லா அடியும் அதன் மேல்தான் விழும். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் நல்ல பிராசஸர்கள் அனாதையாகக் கிடக்கும். உட்கார வைக்கப் போர்டு இருக்காது.

புதுப் போர்டில் பழைய பிராசஸரை உட்கார வைக்கலாமே என்றால், பள்ளம் பொருந்தாது. பிராசஸர் அமரும் பள்ளத்துக்கு சாக்கெட் என்று பெயர். இன்டெல் 2011-ல் வைத்த சாக்கெட்டில் 1155 முட்கள். 2013-ல் 1150. 2015-ல் 1151. 2020-ல் 1200, அடுத்த வருடமே 1700. ஒவ்வொரு தடவையும் பழையது வெளியே. இதில் 2017-ல் நடந்ததுதான் வேடிக்கை: எண் அதே 1151, பள்ளமும் அதே, பிராசஸர் ஜம்மென்று உட்கார்ந்துவிடும், ஆனால் ஆறாம், ஏழாம் தலைமுறைக்கான போர்டில் எட்டாம் தலைமுறை பிராசஸர் கண்ணைத் திறக்காது. முட்கள் சிலவற்றின் வேலையை மாற்றிவிட்டார்கள்.

இப்படி அனாதையான பிராசஸர்கள் கோடிக்கணக்கில் இருப்பதால்தான் அந்தப் பளபளப்பான முதல் பெட்டி பிறக்கிறது. இன்டெல் எச்-61 சில்லைச் செய்வதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. பிறகு புதுப் போர்டுக்குச் சில்லு எங்கிருந்து வருகிறது? இந்த ரகப் போர்டுகள் பலவற்றில், குப்பைக்குப் போன போர்டுகளிலிருந்துதான். பழைய போர்டைச் சூடாக்கிச் சில்லைக் கழற்றுகிறார்கள். அதற்குக் கால்கள் கிடையாது. வயிற்றுப்பக்கம் ரவை மணியளவில் நூற்றுக்கணக்கான ஈயமணிகள் இருக்கும். பழைய மணிகளைச் சுரண்டிவிட்டு, துளை போட்ட தகட்டை மேலே வைத்து, கோல அச்சில் மாவு தூவுகிற மாதிரி புது மணிகளை உருட்டிவிடுகிறார்கள். துளைக்கு ஒன்றாக மணிகள் உட்கார்ந்ததும் சூடு காட்டினால் ஒட்டிக்கொள்ளும். ரீபாலிங் என்று இந்தக் கலைக்குப் பெயர். சீனாவில் இதுவே பெரிய தொழில். ஆக, பெட்டி புதிது, பலகை புதிது, அதிலுள்ள முக்கியமான சில்லு மட்டும் மறுபிறவி எடுத்தது.

இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். குப்பைமேட்டுக்குப் போக வேண்டியதை எடுத்துப் புதுப் பலகையில் ஏற்றி, 2011-ல் கனவிலும் இல்லாத எம்.2 எஸ்எஸ்டிக்கு இடமும் வைத்து, அதிலிருந்தே கம்ப்யூட்டர் விழித்தெழும்படி போர்டுக்குள் இருக்கும் மென்பொருளையும் திருத்தி, இரண்டாயிரத்துச் சொச்சத்துக்குத் தருகிறார்கள் என்றால் சும்மாவா? ஆனால் அந்தச் சில்லு முன்பிறவியில் எவ்வளவு வெந்தது என்பது யாருக்கும் தெரியாது.

என் மனம் மூன்றாவது போர்டில்தான் இருந்தது. பொதுவாக யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அதில் உட்காரும் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, அண்ணாச்சியின் ஐ7-ஐ எளிதாகத் தோற்கடிக்கும். செலவைக் கூட்டிப் பார்த்தபோதுதான் கோவணத்துக்காகப் பூனை வளர்த்த சாமியார் கதை தொடங்கியது. போர்டு புதிது என்றால் பிராசஸர் புதிது. பழைய டிடிஆர்3 ரேமில் 240 தொடுமுனைகள், புதிய டிடிஆர்4-ல் 288. வெட்டுவாயும் இடம் மாறியிருக்கிறது. ஆக ரேமும் புதிது. கூலரையாவது பழையதை மாட்டலாம் என்று பார்த்தால், 1155 காலம் முதல் 1200 வரை கூலரின் திருகுத் துளைகள் 75 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தன. 1700-ல் அது 78. அரை அரிசி நீளம்தான் வித்தியாசம்; அதற்காக நல்ல கூலர் பரணுக்குப் போகும்.

அண்ணாச்சி அதற்கும் சரி என்றுதான் சொன்னார். "என் டாங்கிள் மட்டும் இதுல வேலை செஞ்சாப் போதும்" என்று பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேஜையில் வைத்தார்.

தீப்பெட்டி அளவு இருந்தது. ஒரு பக்கம் 25 ஊசிகள், மறுபக்கம் 25 துளைகள். அவர் இருபது வருடத்துக்கு மேலாகப் பயன்படுத்தும் தமிழ் அச்சுக்கோப்பு மென்பொருளின் பூட்டு அது. பழைய பிரிண்டர்கள் மாட்டும் பேரலல் போர்ட்டில்தான் செருக முடியும். மென்பொருள் திறக்கும்போது அந்தப் போர்ட்டின் கதவைத் தட்டி ஒரு எண்ணை அனுப்பும். டாங்கிள் தனக்குள் ரகசியமாகக் கணக்குப் போட்டுப் பதில் எண்ணைத் திருப்பும். பதில் தப்பினால் மென்பொருள் வாயைத் திறக்காது. இருபது வருடக் கல்யாணப் பத்திரிகைகள், கொடை நோட்டீஸ்கள், அவரே பார்த்துப் பார்த்து அமைத்த எழுத்துருக்கள் எல்லாம் அந்தப் பூட்டுக்குப் பின்னால்.

யூஎஸ்பி மாற்றி போட்டுப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த மாற்றிகள் பிரிண்டரோடு பேச மட்டும் பழக்கப்பட்டவை. டாங்கிளோ போர்ட்டின் ஒவ்வொரு கம்பியையும் நேராகத் தொட்டுப் பேசும் பழைய காலத்து ஆள். இடைத்தரகரிடம் பதில் சொல்லாது. மென்பொருளுக்கு விண்டோஸ் 7 வேறு வேண்டும். அதை ஓட்டுவதற்கான டிரைவர்கள் பன்னிரண்டாம் தலைமுறைக்குக் கிடையாது. மூன்றாவது போர்டு அங்கேயே கழன்றுகொண்டது.

அதன்பின் இரண்டு எச்-61களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போன் டார்ச்சை அடித்துப் பார்த்தோம். பின்பக்கத்தில் இரண்டிலும் பேரலல் போர்ட் இல்லை. புதுப் போர்டின் பெட்டியில் விளக்கெரியும் டிராகன் படம்கூட இருந்தது, பேரலல் பற்றி ஒரு சொல் இல்லை. போர்டிலும் ஒன்றும் காணோம். பழைய போர்டின் கீழ் விளிம்பில், தூசிக்கு அடியில், இரண்டு வரிசையாகத் தங்கநிற ஊசிகள். எண்ணினேன்: இருபத்தைந்து. இருபத்தாறாவது ஊசிக்கான இடம் வேண்டுமென்றே பொக்கையாக விடப்பட்டிருந்தது, கேபிளைத் தலைகீழாகச் செருகிவிடாமல் இருக்க. பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் "எல்பிடி." 1981-ல் ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரோடு கொண்டுவந்த பிரிண்டர் வாசல் அது. முப்பது வருடம் கழித்துச் செய்த போர்டிலும், வெளியே துளை வைக்காமல், கேட்கிறவர் கேபிள் போட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு மூலையில் விட்டிருக்கிறார்கள்.

அந்த ஊசிகளுக்குப் பின்னால் சூப்பர் ஐஓ என்ற சின்னச் சில்லு ஒன்று இருக்கிறது. பெயர்தான் சூப்பர், போர்டிலேயே மந்தமானவர்களை மேய்ப்பது அதன் வேலை. பழைய கீபோர்டு, ஃபேனின் வேகம், சூடு பார்க்கும் உணரி, பேரலல் போர்ட் எல்லாம் அதன் பொறுப்பு. துணைச்சில்லோடு அது பேசும் பாதையில் நான்கே கம்பிகள் தகவல் சுமக்கின்றன. பேரலல் போர்ட்டின் ஆதி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 150 கிலோபைட். போனில் எடுத்த 3 எம்பி படம் ஒன்றை அதன் வழியாக அனுப்பினால் 20 நொடி ஆகும். அதே பலகையில், ஒரு சாண் தள்ளி, ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே ஒரு நொடியில் பல ஆயிரம் எம்பி பறந்துகொண்டிருக்கும். மாட்டுவண்டியும் விமானமும் முட்டிக்கொள்ளாமல் ஒரே பலகையில் ஓடுகின்றன.

சரி, பழைய போர்டுதான். ஆனால் அதன் உடம்பு எப்படி இருக்கிறது? பிராசஸரைச் சுற்றி நிற்கும் சதுரக் கட்டிகளையும் உருளைகளையும் பார்க்க வேண்டும். விஆர்எம் என்கிற மின்னழுத்தச் சீராக்கி அங்கேதான் இருக்கிறது. போர்டு வாங்கும்போது முதலில் நான் கண் வைக்கும் இடமும் அதுதான்.

எஸ்எம்பிஎஸ் தருவது 12 வோல்ட். பிராசஸர் குடிப்பதோ 1 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. அண்ணாச்சியின் ஐ7 முழு மூச்சில் 77 வாட் தின்னும். 77 வாட்டை 1.1 வோல்ட்டில் கொடுக்க வேண்டுமானால் 70 ஆம்பியர் வேண்டும். நம் வீட்டில் ஏசி மாட்டும் பெரிய பிளக் பாயிண்ட் தாங்குவது 16 ஆம்பியர். அதைப்போல நாலு மடங்குக்கும் மேலான மின்னோட்டம், கட்டைவிரல் நகத்துக்குள், தலைமுடியில் பாதி தடிமனே உள்ள செம்புத் தகடு வழியாகப் போகிறது. சாக்கெட்டின் 1155 முட்களில் நூற்றுக்கணக்கானவை செய்தி சுமப்பதே இல்லை. மின்சாரம் வந்துபோக மட்டும்தான் இருக்கின்றன.

12-ஐ எப்படி 1.1 ஆக்குவது? அழுத்தத்தைச் சூடாக எரித்துக் குறைத்தால் போர்டு அடுப்பாகிவிடும். அதனால் மடை திறந்து மூடும் உத்தி. மாஸ்ஃபெட் என்ற மின்மடை, நொடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடுகிறது. மொத்த நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்குதான் திறந்திருக்கும். விட்டுவிட்டுப் பாயும் அந்த மின்சாரம் இண்டக்டர் என்ற கம்பிச்சுருளுக்குள் போகிறது. அதைத் தமிழில் மின்தூண்டி என்பார்கள். போர்டில் காணும் சதுரக் கட்டிகள் இவைதான். சுருள் திடீர் மாற்றத்தை விரும்பாது. துள்ளி வருவதை இழுத்துப் பிடித்து நிதானமாக வெளியே விடும். அடுத்து நிற்கும் கெப்பாசிட்டர், அதாவது மின்தேக்கி, தொட்டி மாதிரி கொஞ்சம் பிடித்துவைத்துக்கொண்டு மிச்ச அலையையும் அடக்கும்.

ஒரே மடை என்றால் தாங்காது. அதனால் மூன்று, நான்கு மடைகள் முறைவைத்து வேலை செய்கின்றன. ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள்; ஒரு உலக்கை ஏறும்போது மற்றது இறங்கும். அதே தாளம்தான், வேகம் மட்டும் வேறு. எத்தனை உலக்கை என்று தெரிய பெட்டியைப் படிக்க வேண்டியதில்லை. சதுரக் கட்டிகளை எண்ணினால் ஓரளவு தெரிந்துவிடும். புது எச்-61-ல் பிராசஸருக்கு மூன்று, பழையதில் நான்கு.

உருளைகளின் தலையைத்தான் அடுத்து பார்த்தேன். கெப்பாசிட்டரில் இரண்டு ஜாதி. தலையில் கூட்டல்குறி மாதிரி கீறல் இருந்தால் உள்ளே திரவம். வீங்கினால் வெடிக்காமல் அந்தக் கீறல் வழியாகப் பிதுங்கட்டும் என்று அந்த ஏற்பாடு. தலை மழமழவென்று தட்டையாக இருந்தால் உள்ளே திடப்பொருள். இது ஆயுள் விஷயம். இரண்டின் மேலும் "105 டிகிரியில் 2,000 மணி நேரம்" என்று கணக்கு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 83 நாள். ஆனால் திரவ ஜாதிக்குச் சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். 65 டிகிரியில் ஓடினால் நான்கு தடவை இரட்டித்து 32,000 மணி. தினம் பத்து மணி நேரம் ஓடும் கடையில் அது ஏறத்தாழ ஒன்பது வருடம். திட ஜாதிக்குச் சூடு 20 டிகிரி குறைந்தால் ஆயுள் பத்து மடங்கு. அதே 65 டிகிரியில் 2,00,000 மணி. கணக்குப்படி அண்ணாச்சியின் பேரன் கடை நடத்தும்போதும் அது ஓடும்.

செத்துப்போன போர்டைத் திருப்பிப் பார்த்தேன். கீறல் தலை, மூன்று வீங்கியிருந்தன. லேபிலிருந்து வந்த போர்டில் பிராசஸரைச் சுற்றி எல்லாம் தட்டைத் தலை. எனக்குப் பாதி உயிர் வந்தது.

சாக்கெட்டின் மூடியைத் திறந்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். 1155 முட்களும் நாற்றங்கால் மாதிரி ஒழுங்காகச் சாய்ந்து ஒரே மாதிரி மின்னின. ஒரு முள் வளைந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒளி தப்பும். பழைய போர்டு வாங்குகிறவர்கள் இந்த அரை நிமிடத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. முள் வளைந்தால் வாரண்டிகூடக் கைகழுவிவிடும்.

அப்போதுதான் அண்ணாச்சி, அச்சுக்கோப்பவருக்கே உரிய கண்ணோடு, பிராசஸருக்கும் ரேம் செருகும் இடத்துக்கும் நடுவே விரலை வைத்தார். "இதென்ன, பார்டர் டிசைனா?"

பச்சைப் பலகையில் முடியிழை போன்ற கோடுகள். சில நேராகப் போகின்றன. சில பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போகின்றன. இடம் நிரப்பப் போட்ட அலங்காரம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

மின்குறி இந்தப் பலகையில் எவ்வளவு வேகமாக ஓடும்? ஒளியின் வேகத்தில் பாதி. அதாவது ஒரு நானோ நொடியில் 15 சென்டிமீட்டர். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் சின்ன ஸ்கேலின் நீளம். நொடியை நூறு கோடியாகக் கூறுபோட்டால் ஒரு கூறு அந்தச் சின்ன ஸ்கேல். இப்போது அண்ணாச்சியின் டிடிஆர்3 ரேம், கம்பிக்கு நொடிக்கு 160 கோடி பிட்களை அனுப்புகிறது. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 0.625 நானோ நொடி. அதற்குள் குறி ஓடும் தூரம் 9 சென்டிமீட்டர் சொச்சம். பிட்டுக்கு நீளம் உண்டு என்று நாம் நினைத்ததே இல்லை அல்லவா? இந்தப் போர்டில் ஒரு பிட் என்பது பீடிக்கட்டு அளவு. அதன் தலை ரேமைத் தொடும்போது வால் இன்னும் பிராசஸர் பக்கம்தான் இருக்கும். மூன்றாவது போர்டின் டிடிஆர்4-ல் அது 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரே கம்பியில் ஒரே சமயத்தில் இரண்டு பிட்கள் வரிசையில் ஓடும்.

இப்படி ஒரு தடத்துக்கு 64 கம்பிகள், எட்டெட்டாகச் சேர்ந்து ஓடுகின்றன. எட்டு பேரும் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும். ஆனால் பிராசஸரின் தொடுமுனைகள் ஒரு ஒழுங்கில் இருக்கின்றன, ரேமின் முனைகள் வேறு ஒழுங்கில்; ஒருவருக்குப் பாதை குட்டை, ஒருவருக்கு நெட்டை. நெட்டையைக் குறைக்க முடியாது. ஆகவே குட்டைப் பாதைக்காரரை வேண்டுமென்றே சுற்றவிடுகிறார்கள். ஓட்டப்பந்தய மைதானத்தில் வெளிவட்டத்துக்காரரை முன்னால் தள்ளி நிறுத்துவதும் இதே கணக்குதான். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்குள் எட்டும் பொருந்த வேண்டும். அண்ணாச்சி ஸ்கேலை வைத்து வரி ஒழுங்கு பார்ப்பாரே, அதே வேலையை இந்தப் பலகையை வரைந்தவர் 64 கம்பிக்கும் பார்த்திருக்கிறார்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஜஸ்டிஃபை பண்ணியிருக்கான்" என்றார். வரிகளின் இரு ஓரமும் சமமாக நிற்கச் சொற்களுக்கு நடுவே இடம் விடுவதற்கு அச்சுத்தொழிலில் அப்படித்தான் பெயர். இதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

போர்டு முடிவாகிவிட்டது. மாட்டினோம். ஃபேன் சுற்றியது, நிற்கவில்லை. ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை.

பயம் வேண்டாம், இது வேறு வியாதி. எச்-61 பிறந்தது 2011-ல், இரண்டாம் தலைமுறைக்காக. ஐ7-3770 மூன்றாம் தலைமுறை, 2012-ல் பிறந்தது. சாக்கெட் ஒன்றுதான். ஆனால் போர்டில் எட்டுக் கால் சில்லு ஒன்றில் பயாஸ் என்ற நிலைபொருள், அதாவது போர்டுக்குள்ளேயே நிலையாகக் குடியிருக்கும் மென்பொருள், இருக்கிறது. அதனிடம் உள்ள பட்டியலில் பெயர் இல்லாத பிராசஸரை அது வாசலிலேயே நிறுத்திவிடும். இந்தப் போர்டின் பயாஸ் 2011-ஐச் சேர்ந்தது. புதுப்பிக்கலாம். ஆனால் புதுப்பிக்கக் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். ஓட வேண்டுமானால் புதுப்பித்திருக்க வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை.

இந்த முடிச்சு எல்லா நிறுவனத்தாரையும் படுத்தியிருக்கிறது. ஏஎம்டி, இன்டெலுக்கு நேரெதிராக, 2016-ல் கொண்டுவந்த ஏஎம்4 என்ற ஒரே சாக்கெட்டைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தது. வாங்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் பிராசஸர் பட்டியல் நீண்டுகொண்டே போய், பல பழைய போர்டுகளின் 16 எம்பி பயாஸ் சில்லில் இடமில்லாமல் போனது. போர்டு செய்கிற சிலர் பயாஸ் திரையின் பகட்டுப் படங்களை நீக்கி இடம்பிடித்தார்கள். சிலர் பழைய பிராசஸர்களின் பெயரையே பட்டியலிலிருந்து அடித்தார்கள். இன்றைய போர்டுகள் சிலவற்றில் பிராசஸரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றிக்கொள்ளும் பட்டன் ஒன்று பின்பக்கம் இருக்கிறது. பெரிய ஊரிலிருந்து தபாலில் போர்டு வரவழைக்கிறவர்கள் விளக்கெரியும் அலங்காரத்தைவிட அந்தப் பட்டனுக்குக் காசு கொடுக்கலாம்.

எங்கள் போர்டில் பட்டன் இல்லை. ஆனால் கடைத் தம்பியின் மேஜை டிராயரில், ஸ்க்ரூக்களோடும் செத்த பேட்டரிகளோடும், ஒரு பென்டியம் ஜி620 கிடந்தது. இரண்டாம் தலைமுறை. போர்டு அதை உடனே அடையாளம் கண்டுகொண்டு விழித்தது.

விழிப்பு என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். பவர் பட்டன் உண்மையில் இரண்டு ஊசிகளை ஒட்டவைப்பதோடு சரி. எஸ்எம்பிஎஸ் தன் வோல்ட்டுகள் நிலைத்துவிட்டன என்று அரை நொடிக்குள் ஒரு குறி அனுப்பும். அதுவரை பிராசஸர் கட்டிப்போடப்பட்டிருக்கும். அவிழ்த்துவிட்டதும் அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: 4 ஜிபி முகவரி எல்லைக்கு 16 பைட் முன்னால் போய் முதல் கட்டளையை எடு. 1978-ல் வந்த 8086 சில்லும் தன் 1 எம்பி எல்லைக்குச் சரியாக 16 பைட் முன்னால்தான் கண்விழித்தது. குடும்பப் பழக்கம். அங்கே பயாஸ் காத்திருக்கும். ஆனால் ரேம் இன்னும் தயாரில்லை. எழுதிப் பார்க்கக்கூட இடமில்லை. பிராசஸர் தனக்குள்ளே இருக்கும் கேஷ் நினைவகத்தையே தற்காலிக ரேமாக வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் எழுதிக் கணக்குப்போடும் பையன் மாதிரி வேலையை ஆரம்பிக்கும். அப்புறம் ரேமுக்குச் சோதனைக் குறிகளை அனுப்பி, எந்தக் கம்பி எவ்வளவு முந்துகிறது, எது பிந்துகிறது என்று அளந்து நேரத்தைத் திருத்தும். வரைந்தவர் ஒரு மில்லிமீட்டருக்குள் செய்துவைத்ததன் மிச்சப் பிசகை இது தினம் காலையில் சரிபார்க்கிறது. இதெல்லாம் முடிந்து திரையில் முதல் எழுத்து வர ஒருசில நொடிகள்.

பென் டிரைவில் புது பயாஸை ஏற்றினோம். பாதியில் கரண்ட் போனால் போர்டு நிரந்தரமாகத் தூங்கிவிடும் என்பதால் தம்பி யுபிஎஸ் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே நின்றான். அதனால் என்ன பயன் என்று நான் கேட்கவில்லை. நூறு சதவீதம் ஆனதும் பென்டியத்தைக் கழற்றி டிராயரில் போட்டு, ஐ7-ஐ உட்காரவைத்தான்.

திரை வந்தது. தேதி 2011, ஜனவரி 1 என்றது. போர்டின் காசு வடிவ பேட்டரி எப்போதோ செத்திருக்க வேண்டும். அதுதான் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் நொடிக்கு 32,768 தடவை துடிக்கும் குவார்ட்ஸ் படிகம் ஒன்றைத் துடிக்கவைத்துக் கடிகாரத்தை ஓட்டுகிறது. ஏன் இந்த எண் என்று கேட்டால், அதைப் பதினைந்து தடவை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். ஒரு நொடி. கைக்கடிகாரத்துக்குள் இருப்பதும் அதே படிகம்தான். பக்கத்துக் கடையில் புது பேட்டரி வாங்கிப் போட்டோம்.

பழைய கேபினெட்டின் பின்னால் இருந்த பேரலல் கேபிளைக் கழற்றி, அந்த இருபத்தைந்து ஊசிகளில் மாட்டினான் தம்பி. பொக்கை இடம் சரியாகப் பொருந்தியது. அண்ணாச்சி டாங்கிளைச் செருகி, திருகை விரலாலேயே இறுக்கினார். மென்பொருள் திறக்க வழக்கம்போல் கொஞ்சம் யோசித்தது. பிறகு, பாதியில் விட்ட பக்கம் வந்தது: மேலே அம்மன் படம், கீழே பந்தக்கால் நாட்டும் நேரம்.

"நாள்காட்டியப் பாத்துக் கிழமையச் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டே.